எல்லாம் நரேலாவுக்குப் போகிறது

டெல்லி ஆட்டோக்காரரிடம் ‘மதராசி கேம்ப்’ என்று சொன்னால் போதும். ஜங்புராவுக்கும் ஹஜ்ரத் நிஜாமுதீன் ரயில் நிலையத்துக்கும் நடுவே, பாராபுல்லா நாலா என்ற பெரிய வடிகாலின் ஓரத்தில் கொண்டுவந்து இறக்கிவிடுவார். 2025 மே மாதம் வரை இதுதான் நிலை. ஜூன் 1, ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜேசிபிகள் வந்தன. ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்த குடியிருப்பு, அன்றே செங்கல் குவியலாகிவிட்டது.

விழுப்புரம், கள்ளக்குறிச்சி, சேலம் பக்கத்திலிருந்து பிழைப்பு தேடி வந்தவர்களின் மூன்றாம் தலைமுறை அங்கே இருந்தது. பெண்களில் பெரும்பாலோருக்கு ஜங்புரா, போகல், நிஜாமுதீன் கிழக்கு, மகாராணி பாக் பக்கம் வீட்டு வேலை. ஆண்களில் டிரைவர்கள் உண்டு, இஸ்திரி போடுகிறவர்கள் உண்டு, கட்டட வேலை செய்கிறவர்கள் உண்டு. டெல்லித் தமிழர்கள் என்றதும் செக்ரடேரியட் அதிகாரியும் கரோல் பாக் மெஸ்ஸும்தான் பலருக்கு நினைவு வரும். அவர்கள் வீட்டுப் பாத்திரத்தைக் கழுவிய தமிழர்கள் நாலா ஓரத்தில் இருந்தார்கள்.

இடித்ததற்குச் சொன்ன காரணம் சுற்றுச்சூழல். அதனால்தான் இதை எழுதத் தோன்றியது. மழைக்காலத்தில் பாராபுல்லா நாலா அடைத்துக்கொண்டு சுற்றுவட்டாரம் வெள்ளத்தில் மிதக்கிறது, குடியிருப்பு நாலாவின் கரையை ஆக்கிரமித்திருக்கிறது, தூர்வார இயந்திரம் இறங்க வழியில்லை என்பது வாதம். இது பொதுநிலம், மறுகுடியமர்வுக்கு மேல் அங்கிருப்பவர்கள் எந்த உரிமையும் கோர முடியாது என்று 2025 மே 9 அன்று டெல்லி உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. கணக்கெடுத்த குடிசைகள் 370. நகரத்தின் வடமேற்கு ஓரத்தில் உள்ள நரேலாவில் ஃபிளாட் பெறத் தகுதியானவை என்று பட்டியலில் வந்தவை 189.

வாதத்தை முழுப் பொய் என்று தள்ள முடியாது. நாலாவின் கரை நெருக்கப்பட்டிருந்தது உண்மை. வெள்ளம் வந்தால் முதலில் நனைவதும் கேம்ப்காரர்களின் அரிசி மூட்டைதான். ஆனால் அந்த நாலாவை அடைத்தது யார் என்று மேல்நோக்கி நடந்து பார்த்தால் கதை வேறாக இருக்கிறது.

பாராபுல்லா ஒரு காலத்தில் மழைநீர் ஓடை. தெற்கு டெல்லியின் மழைநீரைத் திரட்டிக்கொண்டு போய் யமுனையில் சேர்ப்பது அதன் வேலை. ஜஹாங்கீர் காலத்தில் கட்டிய கல்பாலம் ஒன்று இன்னும் அதன் மேல் நிற்கிறது. பெயரே அந்தப் பாலத்தால் வந்ததுதான். மேலே குஷக் நாலா, சுனேரி புல் நாலா, டிஃபென்ஸ் காலனி நாலா எல்லாம் வந்து இதில் சேர்கின்றன. டிஃபென்ஸ் காலனி நாலாவை நாற்றம் தாங்கவில்லை என்று மேலே கான்கிரீட் போட்டு மூடினார்கள். குஷக் நாலாவின் ஒரு பகுதியை, 2010 காமன்வெல்த் விளையாட்டுக்காக நேரு ஸ்டேடியம் பக்கம் வண்டி நிறுத்த இடம் வேண்டும் என்று மூடினார்கள். மூடிய நாலாவுக்குள் சேறு படியும், வார முடியாது. உள்ளே சிக்கும் வாயுவோ இறங்கும் ஆளைக் கொல்லும். அதே விளையாட்டுக்காக, வீரர்கள் சிக்னலில் நிற்காமல் ஸ்டேடியத்துக்குப் போக, நாலாவின் தடத்தையே பிடித்துக்கொண்டு பாராபுல்லா மேம்பாலமும் எழுந்தது. நகரத்துக்கான வடிகால் பெருந்திட்டம் 1976-இல் போட்டது. அதற்குப் பிறகு ஊர் எத்தனை மடங்கு பெருத்தது என்று டெல்லியில் ஒரு மழைக்குச் சிக்கியவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 2024 ஜூன் 28 அன்று சஃப்தர்ஜங்கில் ஒரே நாளில் 228 மில்லிமீட்டர் கொட்டியபோது, குடிசையே இல்லாத பகுதிகளும் சேர்ந்தே மூழ்கின.

சரி, தண்ணீரைத் தடுத்தது ஒரு பக்கம், அசுத்தம்? இதற்கு ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். தண்ணீர் வழங்கலுக்கான இந்திய நெறிமுறையில், பாதாளச் சாக்கடை உள்ள நகரத்தில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர். தெருக்குழாயை நம்பியிருப்பவர்களுக்கு 40 லிட்டர். விதியே இரண்டு வகை மனிதர்களை வைத்திருக்கிறது என்பதைக் குறித்துக்கொள்வோம். கொடுக்கும் தண்ணீரில் 80 சதவீதம் கழிவுநீராகத் திரும்பும் என்பது பொறியாளர்கள் வைக்கும் மதிப்பீடு. 370 வீடு, வீட்டுக்கு ஐந்து பேர் என்று வைத்து, தாராளமாக ஆளுக்கு 135 லிட்டரே கொடுத்தாலும், மதராசி கேம்ப் ஒரு நாளைக்கு வெளியேற்றும் கழிவுநீர் சுமார் 2 லட்சம் லிட்டர். டெல்லி முழுவதும் உண்டாகும் கழிவுநீர் அரசுக் கணக்கிலேயே நாளொன்றுக்கு ஏறத்தாழ 360 கோடி லிட்டர். பதினெட்டாயிரத்தில் ஒரு பங்கு வருகிறது. தண்ணீர் குறைவாகக் கிடைக்கிறவரால் ஆற்றை அதிகமாக அசுத்தப்படுத்த முடியாது என்பது சாதாரணக் கூட்டல் கழித்தல். வசீராபாத்திலிருந்து ஓக்லா வரை 22 கிலோமீட்டர், அதாவது யமுனையின் நீளத்தில் வெறும் 2 சதவீதம், ஆற்றின் மாசில் முக்கால் பங்குக்கு மேல் சுமக்கிறது. அந்த மாசு பெரும்பாலும் நஜஃப்கர் போன்ற பெரிய நாலாக்கள் வழியே, முழுமையாகச் சுத்திகரிக்காத நகரக் கழிவுநீராக வருவது.

சூழல் அநீதி என்று ஒரு சொல் புழங்குகிறது. 1982-இல் அமெரிக்காவின் வட கரோலினாவில், வாரன் கவுண்டி என்ற மாவட்டத்தில், விஷ எண்ணெய் கலந்த மண்ணைக் கொண்டுவந்து புதைக்க அரசு இடம் தேர்ந்தெடுத்தது. அங்கே இருந்தவர்கள் பெரும்பாலும் ஏழைக் கறுப்பின மக்கள். லாரிகளின் முன் படுத்து மறித்தார்கள், 500-க்கும் மேற்பட்டோர் கைதானார்கள். அசுத்தம் எங்கே போய்ச் சேர வேண்டும் என்பதை மண்ணின் தன்மை தீர்மானிப்பதில்லை, அங்கே குடியிருப்பவர்களின் பலவீனம் தீர்மானிக்கிறது என்ற பேச்சு அங்கிருந்து உலகமெங்கும் பரவியது. நமக்கு இதில் புதிதாகக் கற்க ஒன்றுமில்லை. ஊர் எங்கே, சேரி எங்கே, ஊர்ச் சாக்கடை எந்தப் பக்கம் சாய்ந்து ஓடும் என்று தமிழ்நாட்டில் எந்தக் கிராமத்தின் வரைபடத்தைப் பார்த்தாலும் தெரியும். அந்த வரைபடத்தை விட்டு ஓடிவந்தவர்கள் பலர் டெல்லியின் தமிழ்க் குடிசைப் பகுதிகளில் இருக்கிறார்கள். வந்த இடத்திலும் கிடைத்தது நாலாவின் கரைதான்.

டெல்லிக்கே உரிய ஒரு திருப்பம் இதில் உண்டு. வாரன் கவுண்டியில் குப்பை மக்களைத் தேடி வந்தது. டெல்லியில் அது மட்டும் நடப்பதில்லை, மக்களையும் குப்பை இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோய் விடுகிறார்கள், அதையும் சுற்றுச்சூழலைக் காப்பாற்றும் பெயரில் செய்கிறார்கள். சமூகவியலாளர் அமிதா பாவிஸ்கர் இதற்கு ‘பூர்ஷ்வா சூழலியம்’ என்று பெயர் வைத்தார். பூங்கா, சுத்தமான காற்று, அழகான ஆற்றங்கரை என்று வசதியானவர்கள் கேட்கும் சூழல், ஏழையின் வீட்டையும் வேலையையும் அப்புறப்படுத்தித்தான் கிடைக்கிறது என்பது அவர் சொன்னது.

நீதிமன்றங்கள் இதில் எப்படி வந்தன என்பது ஒரு விசித்திரமான கதை. 2000-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத்தில் அல்மித்ரா பட்டேல் வழக்கில் தீர்ப்பு வந்தது. நகரங்கள் குப்பையைக் கையாளும் லட்சணத்தைப் பற்றிய வழக்கு அது. தீர்ப்பு குப்பையில் தொடங்கிக் குடிசையில் போய் நின்றது. பொதுநிலத்தை ஆக்கிரமித்தவருக்கு இலவசமாக மாற்றிடம் தருவது, பிக்பாக்கெட்காரனுக்குப் பரிசு கொடுப்பது போல என்று நீதிமன்றம் சொன்னது. குப்பையைப் பிரிக்காத நகராட்சியிடம் கேட்க வேண்டிய கேள்வி, குடிசைக்காரரின் குற்றமாக மாறிப்போனது. அந்த வாக்கியம் அடுத்த பத்தாண்டுகள் டெல்லியின் ஒவ்வொரு இடிப்பிலும் கேட்டுக்கொண்டிருந்தது. 2004-இல் ஆற்றங்கரைக் குடிசைப் பகுதியான யமுனா புஷ்தாவிலிருந்து பல்லாயிரம் குடும்பங்களை வெளியேற்றினார்கள், ஆறு அசுத்தமாகிறது என்றே காரணம் சொன்னார்கள். அவர்கள் போன பிறகும் யமுனை நுரைத்துக்கொண்டேதான் ஓடுகிறது. அதே ஆற்றின் எதிர்க்கரைச் சமவெளியில் அக்ஷர்தாம் கோயிலும், அதை ஒட்டி காமன்வெல்த் விளையாட்டுக் குடியிருப்பும் கட்டிடங்களாக எழுந்தன. புஷ்தாக்காரர்களில் ஒரு பகுதியினருக்குக் கிடைத்தது 18 சதுர மீட்டர், சிலருக்கு 12.5 சதுர மீட்டர் மனை. இடம் பவானா.

பவானா, நரேலா என்ற இந்த இரண்டு பெயர்களை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். ஹரியானா எல்லையை ஒட்டிய வடமேற்கு மூலை. அங்கே முதலில் வந்தவை தொழிற்சாலைகள். சுற்றுச்சூழல் வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996-இல் அபாயகரமான 168 ஆலைகளை நகரத்துக்குள் மூடச் சொன்னது உச்ச நீதிமன்றம். பிறகு குடியிருப்புகளுக்குள் இயங்கிய சிறு பட்டறைகளையும் வெளியேற்றச் சொன்னது. 2000 நவம்பரில் தொழிலாளர்களும் முதலாளிகளும் சேர்ந்து தெருவில் இறங்கிய அளவுக்குக் கொந்தளிப்பு. அந்தப் பட்டறைகளுக்கு ஒதுக்கிய இடங்களில் பெரியது பவானா தொழிற்பேட்டை. நகரத்தின் நடுவே ஆபத்தாக இருந்தவை, ஓரத்துக்குப் போனதும் ஆபத்து இல்லாதவை ஆகிவிடுமா? 2018 ஜனவரி 20 அன்று அங்கே பட்டாசு வைத்திருந்த ஒரு கிடங்கில் தீப்பிடித்து 17 தொழிலாளர்கள் இறந்தார்கள். பத்துப் பேர் பெண்கள்.

தொழிற்சாலைக்குப் பின்னால் குடிசைக்காரர்கள் வந்தார்கள். அதற்கும் பின்னால் குப்பை வந்தது. 2017 மார்ச்சில் நரேலா-பவானாவில் குப்பையிலிருந்து மின்சாரம் எடுக்கும் ஆலை திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 2,000 டன் குப்பை, 24 மெகாவாட் என்று சொன்னார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நம் வீட்டுக் குப்பைத் தொட்டியைத் திறந்து பார்த்தால் பிரச்சினை புரியும். காய்கறித் தோல், மிச்சச் சோறு, டீத்தூள் என்று பாதிக்கு மேல் ஈரம். ஈரக்குப்பை தானாக எரியாது. எரிய வேண்டுமானால் அதில் பிளாஸ்டிக்கும் காகிதமும் துணியும் நிறைய இருக்க வேண்டும். காகிதத்தையும் நல்ல பிளாஸ்டிக்கையும் பொறுக்கி விற்றுத்தான் நகரத்தின் குப்பை பொறுக்குவோர் பிழைக்கிறார்கள், ஆக உலைக்கும் அவர்களுக்கும் ஒரே பொருளுக்குப் போட்டி. குளோரின் கலந்த பிவிசி பிளாஸ்டிக் சரியான வெப்பத்தில் எரியாவிட்டால் டையாக்சின் உருவாகும். அது உடம்பின் கொழுப்பில் தங்கிவிடும் விஷம், புற்றுநோயை வரவழைக்கக் கூடியது. எரித்த பிறகு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு சாம்பலாக மிஞ்சும், அதில் ஈயம், காட்மியம் போன்ற உலோகங்கள் செறிந்திருக்கும். அந்தச் சாம்பலையும் எங்கேயாவது கொட்டத்தானே வேண்டும். தலைநகரம் குப்பையைப் பிரிக்கச் சோம்பல்படுகிறது, அந்தச் சோம்பலைச் சுவாசிப்பது வேறு யாரோ. ஒவ்வொரு நவம்பரிலும் டெல்லியின் காற்றுத் தரப் பட்டியலில் மிக மோசமான நிலையங்களில் பவானாவும் நரேலாவும் இருக்கும். செய்தியில் ‘டெல்லியின் காற்று’ என்று ஒருமையில் சொல்வார்கள். அதே காற்றை லோதி கார்டன் பக்கம் ஏர் பியூரிஃபையர் போட்டுக்கொண்டும் சுவாசிக்கலாம், பவானாவில் உலைக்கு அருகே வெறும் மூக்கோடும் சுவாசிக்கலாம்.

ஒப்பீட்டுக்கு ஓக்லாவைப் பார்க்கலாம். அங்கே இதே மாதிரி ஆலை 2012-இல் ஓடத் தொடங்கியது. பக்கத்தில் சுக்தேவ் விகார் என்ற நடுத்தர வர்க்கக் காலனி. ஆலை கட்டும்போதே, 2009-இலேயே, அவர்கள் நீதிமன்றம் போனார்கள். ஆங்கிலம் தெரியும், வக்கீல் வைக்க முடியும், பத்திரிகையாளர்கள் வந்தார்கள். 2017-இல் பசுமைத் தீர்ப்பாயம் ஆலைக்கு 25 லட்சம் ரூபாய் அபராதம் போட்டு, தொடர்ந்து நடத்தலாம் என்றது. எட்டு வருடம் போராடியும் சுக்தேவ் விகாருக்கே இவ்வளவுதான் கிடைத்தது. அதே ஆலைக்கு அருகே ஹாஜி காலனி, கஃபார் மன்ஸில் என்று முஸ்லிம்கள் வாழும் பகுதிகள் இருக்கின்றன. புகை பற்றிய செய்திகளில் அவற்றின் பெயர் அபூர்வமாகவே வரும்.

இனி, தகுதி என்ற சொல்லுக்கு வருவோம். 2015-ஆம் ஆண்டின் டெல்லிக் குடிசை மறுவாழ்வுக் கொள்கைப்படி, குடியிருப்பு 2006 ஜனவரி 1-க்கு முன்பே இருந்திருக்க வேண்டும். தனிக் குடிசை 2015 ஜனவரி 1-க்கு முன்பு இருந்திருக்க வேண்டும். வாக்காளர் பட்டியலில் பெயர், குறிப்பிட்ட அடையாள ஆவணங்கள் வேண்டும். மாடியில் இருக்கும் குடும்பம் என்றால் தனி ரேஷன் கார்டு வேண்டும். அப்பா கீழே, கல்யாணமான மகன் மேலே, ஒரே கார்டு என்றால் மகன் காகிதத்தில் இல்லை. பயனாளி தன் பங்காக 1,12,000 ரூபாயும், ஐந்து வருடப் பராமரிப்புக்கு 30,000 ரூபாயும் கட்ட வேண்டும். அதே கொள்கையில் இன்னொரு வரியும் இருக்கிறது: மாற்று வீடு அதே இடத்திலோ 5 கிலோமீட்டருக்குள்ளோ இருக்க வேண்டும், தவிர்க்க முடியாத நிலையில் மட்டும் டெல்லிக் குடிசை மேம்பாட்டு வாரியத்தின் அனுமதியோடு அதைத் தாண்டலாம். ஜங்புராவிலிருந்து நரேலா சுமார் 40 கிலோமீட்டர். 2010-இல் சுதாமா சிங் வழக்கிலும் 2019-இல் அஜய் மாக்கன் வழக்கிலும் இதே டெல்லி உயர் நீதிமன்றம், குடிசைக்காரர்களைக் கலந்து பேசாமல் அப்புறப்படுத்தக் கூடாது, அவர்களுக்கும் இந்த நகரத்தில் உரிமை உண்டு என்று அழுத்தமாகச் சொல்லியிருக்கிறது. விதிவிலக்கு வழக்கமாகிவிட்ட பிறகு விதி எதற்கு என்றுதான் தெரியவில்லை.

40 கிலோமீட்டர் என்றால் என்ன? எனக்குப் பழக்கமான ஒரு அக்கா, கேம்பில் இருந்தவர், நான்கு வீட்டில் வேலை பார்த்தார். முதல் வீட்டில் ஆறரைக்கு நிற்க வேண்டும், அந்த வீட்டுக் குழந்தைகளுக்கு டிபன் கட்டும் நேரம். கேம்பிலிருந்து நடை பன்னிரண்டு நிமிடம். பதினொன்றுக்கு வீட்டுக்கு வந்து உலை வைத்துவிட்டு, இரண்டு மணிக்குத் திரும்பப் போவார். நான்கு வீட்டையும் சாத்தியமாக்கியது அந்தப் பன்னிரண்டு நிமிடம்தான். நரேலாவிலிருந்து பஸ் மாறி வர இரண்டு மணி நேரம் ஆகும். மெட்ரோ இன்னும் நரேலாவைத் தொடவில்லை, ரித்தாலாவிலிருந்து நீட்டிக்க 2024 டிசம்பரில்தான் ஒப்புதல் கிடைத்தது. 2019-லிருந்து பெண்களுக்கு பஸ் இலவசம். காசு மிச்சம்தான். ஆனால் ஆறரை மணிக்கு ஜங்புராவில் நிற்க நாலு மணிக்கே வாசலைத் தாண்ட வேண்டும், நடுவே வந்து உலை வைக்க முடியாது.

இன்னொன்று பள்ளிக்கூடம். டெல்லித் தமிழ்க் கல்விக் கழகம் நடத்தும் ஏழு பள்ளிகளில் ஒன்று லோதி எஸ்டேட்டில் இருக்கிறது. 1920-களில் மதராசிகளுக்காகத் தொடங்கிய அமைப்பு அது. அதிகாரி வீட்டுப் பிள்ளைகளும் கேம்ப்பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ‘அ’ எழுதிய சில இடங்களில் அதுவும் ஒன்று. நரேலாவில் தமிழ்ப் பள்ளி கிடையாது. நரேலாவில் பிள்ளைகளுக்குப் பள்ளியில் இடம் வாங்கித் தரும்படி நீதிமன்றம் உத்தரவிட்டது உண்மைதான். எந்த மொழியில் படிப்பது என்பது உத்தரவின் வரம்புக்குள் வராத விஷயம்.

நரேலா ஃபிளாட்களில் சந்தோஷமாகப் போய்ச் சேர்ந்த குடும்பங்களும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. பல ஆண்டுகள் ஆளில்லாமல் கிடந்த கட்டடங்கள்தான் என்றாலும் காங்கிரீட் கூரை, தனிக் கழிப்பறை. நாலா ஓரத்தில் ஒரு இரவு மழையில் விழித்திருந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். நல்ல வீடும் வேலையும் ஒரே இடத்தில் ஏன் கிடைக்கக் கூடாது என்று கேட்டால்தான் ‘பேராசை’ என்கிறார்கள்.

இடிப்பு நடந்தபோது தமிழ்நாட்டில் பலருக்குக் கோபம் வந்தது. ஊர் திரும்ப விரும்புகிறவர்களுக்கு உதவுவதாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. நல்லது. ஆனால் கூவம் கரையிலும் அடையாறு கரையிலும் இருந்தவர்களை ‘ஆற்றை மீட்கிறோம்’ என்று கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பியதும் அதே தமிழ்நாடுதான். அடுக்குமாடி, ஊருக்கு வெளியே, வேலைக்குப் போக இரண்டு பஸ். டெல்லிக்காரன் மதராசியை விரட்டினான் என்று மட்டும் இதைப் படித்தால் பாதிதான் புரியும். டெல்லியில் அவர்களுக்கு மொழியும் துணையில்லை என்பது கூடுதல் சுமை. அதே 2025 மே மாதத்தில், மகாராணி பாக் அருகே தைமூர் நகர் நாலா ஓரத்திலும் வீடுகளை இடித்தார்கள், அங்கும் காரணம் வெள்ளம்.

நான் சொன்ன அக்காவின் பெயர் தகுதிப் பட்டியலில் வரவில்லை. கார்டு மாமியார் பெயரில் இருந்தது. நான்கு வீட்டில் இரண்டைத் தக்கவைத்துக்கொள்ள, வேலைக்கு நடந்துபோகும் தூரத்தில் ஒரு அறை பிடித்திருக்கிறார். வாடகை ஐயாயிரம், கரண்ட் தனி. ஜன்னலை எப்போதும் சாத்தியே வைத்திருக்கிறார். வெளியே ஓடுவது இன்னொரு நாலா.